கதை தெரிஞ்சிட்டுப் போங்க: வெயில் காலம் பூரா நாடகம் பார்த்த அனுபவம்

ஷேக்ஸ்பியர் நாடகம் பாக்கணும்னா இங்கிலீஷ் பிரமாதமா வரணும், கான்வென்ட்ல படிச்சிருக்கணும், அடையாறு நுங்கம்பாக்கம் பக்கம் வீடு இருக்கணும்னு எங்க ஏரியால நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க. நான் தண்டையார்பேட்டை, வேலை பாரிஸ் கார்னர்ல, செகண்ட் லைன் பீச்ல ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல டாக்குமென்டேஷன். இந்த வருஷம் பங்குனில ஆரம்பிச்சு வைகாசி முடியற வரைக்கும், எங்கெங்க நாடகம் நடக்குதோ அங்கல்லாம் போய்ட்டு வந்தேன். எழும்பூர்ல ஷேக்ஸ்பியர், சபாவுல தமிழ் நாடகம், பொன்னேரி பக்கம் ராத்திரி பூரா கூத்து. மூணையும் ஒரே சீசன்ல பாத்ததால ஒண்ணு நல்லாப் புரிஞ்சுது, அதைச் சொல்லத்தான் இதை எழுதறேன். கூத்து பாத்து வளந்தவங்களுக்கு ஷேக்ஸ்பியர் கஷ்டமே இல்ல. நமக்குத்தான் அது கிட்ட, ஆனா எவ்ளோ கிட்டன்னு யாரும் நமக்குச் சொல்லல.

ஏன்னா கூத்துக்குப் போறவங்க யாராவது கதை தெரியாம போறாங்களா? துரியோதனன் தொடைல அடிபட்டு சாகப்போறான்னு அஞ்சு வயசு குழந்தைக்கும் தெரியும். தெரிஞ்சும் பாய் போட்டு விடிய விடிய உக்காந்து பாக்கறாங்க, ஏன்னா அவங்க பாக்க வர்றது என்ன நடக்கும்னு இல்ல, இந்த ஆளு இன்னிக்கு எப்படி ஆடப்போறாருங்கறதைத்தான். ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கும் அதே மாதிரிதான் போகணும். அவரு காலத்து லண்டன் ஜனங்களும் அப்படித்தான் போயிருக்காங்க. அவரோட கதையில முக்கால்வாசி அவரே யோசிச்சது கிடையாது. மேக்பெத் கதை ஹாலின்ஷெட் எழுதின சரித்திரப் புத்தகத்துலேருந்து எடுத்தது, லியர் ராஜா கதை அவருக்கு முன்னாடியே இன்னொருத்தர் நாடகமா போட்ட கதை. ரோமியோ ஜூலியட்ல முதல் ஆளு மேடைக்கு வந்து பதினாலே வரில ரெண்டு பேரும் செத்துடுவாங்கன்னு சொல்லிட்டுத்தான் நாடகத்தையே ஆரம்பிக்கிறான். நம்ம கட்டியங்காரன் வந்து இன்னிக்கு என்ன கூத்து, யாரு வராங்கன்னு சொல்ற வேலைதானே அது. அதனால முடிவு தெரிஞ்சிட்டா சுவாரசியம் போயிடும்னு பயப்படாதீங்க, கதையை முழுசா தெரிஞ்சிட்டே போங்க. நாடகம் பாக்கப் போறவங்களுக்கு நான் சொல்ற முதல் விஷயம் இதுதான், மத்ததெல்லாம் அப்புறம்.

நான் பண்ணது என்னன்னா, போறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி கதையை ஒருதரம் படிச்சிடுவேன். குழந்தைங்களுக்குன்னு லேம்ப் எழுதின ஷேக்ஸ்பியர் கதைகள் இருக்கு, 1807ல வந்தது, ஒரு கதை ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிஞ்சிடும். எங்க அண்ணன் பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதிட்டு வீட்ல சும்மா இருந்தா, அவளையும் சேத்துக்கிட்டேன். அவ இங்கிலீஷ் பாடப் புத்தகத்துலயே டெம்பெஸ்ட் கதை இருக்கு, நீங்களும் வீட்ல பிள்ளைங்க புத்தகத்தை எடுத்துப் பாருங்க. கதையைப் படிச்ச அப்புறம் ஒரு துண்டுப் பேப்பர்ல யாரு யாருக்கு என்ன உறவுன்னு மட்டும் எழுதி வெச்சிக்குவோம், யாரு ராஜா, யாரு தளபதி, யாரு யாரோட பையன், இவ்ளோதான். மேடைல ஒரே மாதிரி கறுப்பு சட்டை போட்டுட்டு பத்து பேர் வந்து நிக்கும்போது அந்தப் பேப்பர்தான் காப்பாத்தும். அப்புறம் நாடகத்துல பேர் போன வசனம் ஒண்ணை மட்டும் எடுத்து, அர்த்தம் பாத்து, வாய்விட்டு ரெண்டு தரம் படிச்சிடுவோம். அது மேடைல வரும்போது காது தானா பிடிச்சிக்கும், அந்த சந்தோஷமே வேற.

முதல் கால் மணி நேரம் ஒண்ணும் புரியாது. எனக்கும் புரியல, பக்கத்துல உக்காந்திருந்த இங்கிலீஷ் புரொஃபஸர் அம்மாவும் அதையேதான் சொன்னாங்க, தனக்கே காது பழக கொஞ்ச நேரம் ஆகும்னு. நானூறு வருஷத்துக்கு முந்தின பாஷை, அதுவும் பாட்டு மாதிரி சந்தத்துல வர்றது. அந்த நேரத்துல வார்த்தை வார்த்தையா துரத்திட்டுப் போகாம ஆளோட கையைப் பாருங்க, யாரு யாரைப் பாக்கறாங்க, யாரு தலையைத் திருப்பிக்கிறாங்கன்னு பாருங்க. முகவீணைங்கற சின்ன நாயனமும் மிருதங்கமும் சேந்து ஒலிக்கும்போது கூத்துப் பாட்டுல நமக்கு எல்லா வரியும் புரியுதா என்ன, ஆனா பீமன் கோவத்துல இருக்கான்னு தெரிஞ்சிடுது இல்லயா.

மேக்பெத் பாத்தது எழும்பூர் மியூசியம் தியேட்டர்ல. பாந்தியன் ரோடு மியூசியம் காம்பவுண்டுக்குள்ள இருக்கற செவப்புக் கட்டிடம், 1896ல கட்டினது. நம்ம பக்கத்துல எத்தனையோ பேர் ஸ்கூல்ல கூட்டிட்டுப் போயி டைனோசரையும் திமிங்கல எலும்பையும் பாத்திருப்போம், பக்கத்துலயே நாடகத்துக்குன்னு கட்டின இப்படி ஒரு எடம் இருக்கறது பாதி பேருக்குத் தெரியாது. சீட்டெல்லாம் அரைவட்டமா படிப்படியா ஏறிட்டுப் போகும், பின்னாடி உக்காந்தாலும் நடிக்கறவங்க மூச்சு விடறது வரைக்கும் கேக்கும்.

மேக்பெத்ங்கற தளபதி சிம்மாசனத்துக்காகத் தன் ராஜாவையே கொல்ற கதை இது, அந்தக் கொலையை மேடைல காட்ட மாட்டாங்க. மேக்பெத் உள்ள போயிட்டு ரெண்டு கத்தியையும் கைல பிடிச்சிக்கிட்டே வெளிய வந்துடுறான், அதை அங்கயே வெச்சிட்டு வந்திருக்கணும். பொண்டாட்டிக்காரி பாத்துட்டு கத்தியைப் பிடுங்கிட்டு அவளே உள்ள போறா. அந்த நேரத்துல டொக் டொக் டொக்னு சத்தம். இவங்க அதை மேடைக்குப் பின்னாடி வைக்காம, நாங்க உக்காந்திருந்ததுக்குப் பின்னாடி, ஹால் கதவுலயே தட்டினாங்க. மொத்த கூட்டமும் திரும்பிப் பாத்துச்சு. என் அண்ணன் பொண்ணு என் முழங்கையை அப்படியே புடிச்சிக்கிட்டா. மேடைல அவன் நின்ன எடத்துலயே ரெண்டு கையையும் விரிச்சு வெச்சிட்டு கையவே பாத்துட்டு நிக்கிறான், தட்டறது நிக்கவே இல்ல. சரி இப்ப என்னமோ பயங்கரமா நடக்கப் போகுதுன்னு பாத்தா, குடிச்சிட்டு தள்ளாடிக்கிட்டே ஒரு வாசக்காவக்காரன் வரான். நரகத்து வாசலைத் தொறக்கறவன் நான்தான்னு சொல்லிக்கிட்டு, யாரு அங்க, யாரு அங்கன்னு ஒவ்வொரு பாவியா உள்ள கூப்பிடுறான், தையக்காரன் ஒருத்தனும் அதுல இருக்கான். தண்ணி போட்டா மூணு விஷயம் வரும்னு ஒரு கணக்கு சொல்றான், மூக்கு செவக்கும், தூக்கம் வரும், ஒண்ணுக்கு வரும். ஹாலே சிரிச்சுது. உள்ள ரத்தம் காயல, வெளிய இவன் ஜோக்கடிக்கிறான். இதை ஷேக்ஸ்பியர் ஏன் இங்க கொண்டாந்து வெச்சாருன்னு பெரிய பெரிய ஆளுங்கள்லாம் நிறைய எழுதியிருக்காங்களாம். கூத்து பாத்தவங்களுக்கு அதுல கேள்வியே இல்ல. சபையில ராஜா கொதிச்சிக்கிட்டு நிக்கும்போது கட்டியங்காரன் இப்படித்தான் குறுக்க வந்து ஊர்ப் பேச்சு பேசி சிரிக்க வெச்சிட்டுப் போவான், அந்தச் சிரிப்பு அடங்கற நிமிஷத்துல அடுத்து வர்ற அடி ரெண்டு மடங்கா விழும். இங்கயும் அப்படியேதான், காவக்காரன் கதவைத் தொறந்ததும் உள்ள வர்றவன் மக்டஃப், அவன்தான் பொணத்தை முதல்ல பாக்கறவன், கடைசில மேக்பெத் தலையை எடுக்கறவனும் அவன்தான்.

இன்னொண்ணு, மேக்பெத் பொண்டாட்டி தூக்கத்துல எழுந்து நடந்துக்கிட்டே கையைக் கழுவுற கட்டம். அதை நடிச்ச பொண்ணு அழவும் இல்ல கத்தவும் இல்ல, கட்டைவிரலால உள்ளங்கைல ஒரே எடத்தைத் தேய்ச்சிட்டே இருந்துச்சு. அந்தப் பாத்திரத்தை அந்தக் காலத்துல சின்னப் பையன்தான் நடிச்சான், இங்கிலாந்துல 1660 வரைக்கும் பொம்பளைங்க அந்த மேடைல ஏறல. நமக்கு இது புதுசா? திரௌபதியா வர்றவரு பகல்ல வயல் வேலை பாக்கற ஆம்பள, ராத்திரி பத்து மணிக்கு மேல ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிடும்.

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும், நம்ம ஆளுங்க இதை விட்டுக் கொடுத்துட்டோமேன்னு எனக்கு ரொம்ப ஆதங்கம். ஷேக்ஸ்பியர் தமிழ் பேசினது நம்ம பக்கத்துலதான். சென்ட்ரல் கிட்ட ரிப்பன் பில்டிங் பக்கத்துல இருக்கே செவப்பா விக்டோரியா பப்ளிக் ஹால், பம்மல் சம்பந்த முதலியாரோட சுகுண விலாச சபா அங்கதான் நாடகம் போட்டுது. 1891ல ஆரம்பிச்ச சபா அது. ஹாம்லெட்டை அமலாதித்யன்னு, மேக்பெத்தை மகபதின்னு, வெனிஸ் வணிகனை வாணீபுர வணிகன்னு தமிழ்ல ஆக்கினவரு அவரு. வக்கீலா இருந்துட்டு ராத்திரில நாடகத்துக்கு உழைச்ச மனுஷன், நாடக மேடை நினைவுகள்னு அவரே எழுதி வெச்சிருக்காரு, படிக்க அவ்ளோ நல்லா இருக்கும். அங்கேருந்து கொஞ்சம் தள்ளி வால்டாக்ஸ் ரோட்ல ஒத்தவாடை கொட்டகை, தமிழ்நாட்டு நாடகக் கம்பெனிங்கள்லாம் வந்து ஆடின எடம். இப்ப அது இல்ல. நான் டெய்லி அந்தப் பக்கம் பஸ்ல போவேன், லாரி ஷெட்டும் பார்சல் ஆபீஸுமா இருக்கற அந்த ரோட்ல ஒரு காலத்துல ஜனங்க டிக்கெட்டுக்கு நின்னாங்கன்னு நினைச்சா, ஒரு கல்லாவது நட்டு எழுதி வெச்சிருக்கலாமேன்னு தோணும்.

சரி, அடுத்தது மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம். காலேஜ் பசங்க திறந்தவெளில சாயந்தரம் போட்டாங்க. அக்னி நட்சத்திரம் நடக்கற நேரம், ஆறரை மணிக்கும் தரை சுடுது. இதுக்கு எங்க பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். ஹார்பர்ல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவரு, சின்ன வயசுல தொழிலாளிங்கள்லாம் சேர்ந்து ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவாங்க, அதுல நடிச்சவரு. எனக்கு எதுக்கும்மா இங்கிலீஷுன்னு மொதல்ல வரமாட்டேன்னுட்டாரு. கதையை நான் வீட்லயே சொல்லிட்டேன். இதுல ராஜா கல்யாணத்துக்கு நாடகம் போடறதுக்கு ஒரு செட்டு வருது, நெசவுக்காரன், தச்சுக்காரன், துருத்தி சரி பண்றவன், ஈயம் பூசறவன், தையக்காரன்னு எல்லாம் கைத்தொழில்காரங்க, வேலை முடிஞ்சு காட்டுல போயி ரிகர்சல் பாக்கறாங்க. பாட்டம்னு ஒரு நெசவுக்காரன், காதலன் வேஷமும் எனக்கு, காதலி வேஷமும் எனக்கு, சிங்கம் வேஷமும் எனக்கே குடுன்னு நிப்பான். பெரியப்பா சத்தமா சிரிச்சிட்டாரு. "எங்க செட்லயும் ஒருத்தன் இருந்தாம்மா, ராஜபார்ட்டும் நானு, ஸ்திரீபார்ட்டும் நானுன்னுவான், அவன் இல்லாமயும் நாடகம் நடக்காது"ன்னாரு. கடைசில அந்த செட்டு நாடகம் போடும்போது ஒருத்தன் செவுரா வந்து நிக்கிறான், ரெண்டு விரலை விரிச்சா அதான் செவுத்துல ஓட்டை, காதலர்கள் அது வழியா பேசணும். சிங்கமா வர்றவன், அம்மாமாரே பயப்படாதீங்க நான் நிஜ சிங்கம் இல்ல, தச்சுவேலை செய்யறவன்னு சொல்லிட்டுத்தான் உறுமுறான். பணக்காரங்க உக்காந்து நக்கல் பண்ணிட்டே இருப்பாங்க, எனக்கு அது கஷ்டமா இருந்துச்சு, ஆனா ராஜா முன்னாடியே சொல்லிடறான், மனசார எளிமையா செய்யறது எதுவும் தப்பாப் போகாது, நான் இவங்க நாடகத்தைத்தான் பாப்பேன்னு. அந்த வரியைப் பெரியப்பா காதுல தமிழ்ல சொன்னேன். அவரு ஒண்ணும் பேசல, தலையை ஆட்டினாரு. அன்னிலேருந்து அடுத்தது எப்பன்னு அவருதான் கேக்கறாரு.

முதல் தடவை போறவங்களுக்கு இந்த நாடகமோ இல்ல காமெடி ஆஃப் எர்ரர்ஸோ நல்லது, ரெட்டைப் பிறவி குழப்பம், சின்ன நாடகம். மேக்பெத்தும் சின்னதுதான். ஹாம்லெட்டை முழுசா போட்டா நாலு மணி நேரம் போகும், அதை அப்புறம் வெச்சிக்கோங்க.

சபா நாடகம் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் ஏப்ரல் மே மாசத்துல நடத்தற கோடை நாடக விழா இருக்கு, பல குழு தன்னோட புது நாடகத்தை அங்கதான் முதல்ல மேடையேத்துவாங்க. குடும்பக் கதை, துணுக்கு, கொஞ்சம் உபதேசம். எல்லாம் பிடிச்சுதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா டைமிங்னா என்னன்னு அங்க பாத்துதான் தெரிஞ்சிக்கிட்டேன், சிரிப்பு எந்த எடத்துல அடங்குதுன்னு காத்திருந்து அடுத்த வரியை விடறாங்க பாருங்க, அது லேசுல வராது.

கூத்துக்கு வரேன். பொன்னேரியைத் தாண்டி ஒரு கிராமம், திரௌபதி அம்மன் கோவில்ல பாரதம் வெச்சிருந்தாங்க. பகல்ல பிரசங்கம், ராத்திரில கூத்து, கடைசி நாள் துரியோதனன் விழற படுகளமும் தீமிதியும். தண்டையார்பேட்டை ஸ்டேஷன்ல கும்மிடிப்பூண்டி ட்ரெயின் பிடிச்சா ஒரு மணி நேரத்துக்குள்ள பொன்னேரி, அங்கேருந்து ஷேர் ஆட்டோ. ராத்திரி பத்துக்கு மேலதான் ஆரம்பிக்கும், முதல்ல ரொம்ப நேரம் மேளமும் சாமிப் பாட்டும்தான் போகும், அவசரப்படக் கூடாது. ராஜ வேஷம் வரும்போது ரெண்டு பேர் வந்து ஒரு திரையைக் குறுக்க பிடிச்சிப்பாங்க, திரைக்கு மேல கிரீடத்தோட நுனி மட்டும் தெரியும், கீழ சலங்கை கட்டின காலு மட்டும் தெரியும். உள்ளேருந்து பாட்டு வரும், காலு தரையை உதைக்கும், திரை நடுங்கும், ஆனா எடுக்க மாட்டாங்க. நான் நாலடி தூரத்துல இருந்தேன், திரைத் துணிக்குப் பின்னாடி தோள்ல கட்டற புஜக்கீர்த்தில பதிச்ச கண்ணாடி லைட்ல மின்னி மின்னி மறையுது. திரை போனதும் துரியோதனன் ரெண்டு கையையும் விரிச்சிக்கிட்டு ஒரு சுத்து சுத்தினாரு பாருங்க, முன்னாடி இருந்த பசங்கள்லாம் பின்னாடி நகந்துட்டாங்க. ஒரு ஆளு மேடைக்கு வர்றதுக்கே இவ்ளோ நேரம் எடுத்துக்கற துணிச்சல் எங்கயும் நான் பாத்ததில்ல. அர்ச்சுனன் தபசு அன்னிக்கு உயரமான பனைமரத்துல பாடிட்டே ஏறி மேலேருந்து எலுமிச்சம்பழம் வீசுவாங்க, பொம்பளைங்க மடியேந்தி நிப்பாங்க, அது நாடகமா பூசையான்னு பிரிக்கவே முடியாது. லண்டன்ல 1599ல கட்டின குளோப் தியேட்டர்லயும் ஏழைங்க ஒரு பென்னி குடுத்து வெட்டவெளில நின்னுக்கிட்டேதான் பாத்தாங்க, பட்டப்பகல்ல, லைட்டெல்லாம் கிடையாது. கிராமத்துல பாய்ல உக்காந்து பாக்கும்போது, ஏசி ஹால்ல பாத்ததை விட அவரு நாடகம் எப்படி இருந்திருக்கும்னு எனக்கு இங்கதான் பிடிபட்டுது.

கூத்துக்குப் போறவங்க பாய், போர்வை, கொசுவத்தி, தண்ணி எடுத்துக்கோங்க. சாயந்தரம் ரெண்டு மணி நேரம் தூங்கிட்டுப் போங்க, ஒரு மணிக்கு மேலதான் சூடு பிடிக்கும். நடுவுல அன்பளிப்பு குடுத்தவங்க பேரை மைக்ல சொல்லுவாங்க, சலிச்சிக்காம நீங்களும் ஒரு நோட்டு குடுங்க, டிக்கெட் கிடையாது, அந்தப் பணம்தான் அவங்களுக்கு மரியாதை. ஊர்ல நாலு பெரியவங்க கிட்ட சொல்லிட்டு உக்காந்தா பொம்பளைங்க தனியா வந்தாலும் நல்லா பாத்துக்குவாங்க, எனக்கு விடியக்காலைல ஒரு வீட்ல காப்பியே குடுத்தாங்க. முதல் ட்ரெயின்ல திரும்பிடலாம்.

சிட்டில நடக்கற நாடகத்துக்கு, ஏழு மணின்னா ஆறே முக்காலுக்கு உள்ள இருங்க, லேட்டானா சில எடத்துல இடைவேளை வரைக்கும் விட மாட்டாங்க. நான் ஹைகோர்ட் ஸ்டேஷன்ல ஏறி சென்ட்ரல்ல மாறி எழும்பூர்ல இறங்குவேன், நாரத கான சபான்னா தேனாம்பேட்டை இறங்கி ஆட்டோ. ஹால்ல ஏசி கொல்லும், வெளிய வேர்த்துக் கொட்டுதுன்னு பருத்திப் புடவையோட போயி நடுங்காதீங்க, ஒரு சால்வை பைல இருக்கட்டும். டிக்கெட் முன்னூறு நானூறு வரும், முன்வரிசைக்கு அதிகம் குடுக்க வேணாம், நடு வரிசைதான் நல்லது, மொத்த மேடையும் தெரியும். ஸ்டூடன்ட்டுக்குக் குறைச்சல் உண்டான்னு கேளுங்க, கேட்டா பல நேரம் தருவாங்க. சாப்பாட்டை முடிச்சிட்டுப் போங்க. நாடகம் முடிஞ்சதும் நடிச்சவங்க வெளிய வந்து நிப்பாங்க, போயி பேசுங்க, அந்த வாசக்காவக்காரனா நடிச்ச பையன் கிட்ட என் அண்ணன் பொண்ணு கதவை யாரு தட்டினதுன்னு கேட்டா, அவனேதான் தட்டிட்டு சுத்தி ஓடி வந்தானாம்.

ராத்திரி பத்தரைக்குள்ள முடிஞ்சா மெட்ரோ கிடைக்கும், பதினொண்ணைத் தாண்டினா ஆட்டோதான், எழும்பூர்லேருந்து தண்டையார்பேட்டைக்கு அந்த நேரத்துல வாய்க்கு வந்ததைக் கேப்பாங்க. அதனால வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை, திருவொத்தியூர் பக்கம் யாருக்காவது நாடகத்துக்கு வர ஆசை இருந்தா சொல்லுங்க, சேர்ந்தே போய்ட்டு சேர்ந்தே வரலாம், ஆட்டோ காசும் பங்கு போட்டுக்கலாம். பெரியப்பா வருவாரு, அண்ணன் பொண்ணும் பதினொண்ணாவது சேந்தாச்சு, டெம்பெஸ்ட் எங்கயாவது போட்டா சொல்லு அத்தைன்னு இப்பவே கேட்டு வெச்சிருக்கா.